பொட்டு வைத்த விரிசல்

ஜூன் 29, சனி

இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள் அண்ணா. மகி இருமி இருமி இப்போதுதான் தூங்கினாள். அவள் நெஞ்சில் தைலம் தேய்த்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன், நோட்டெல்லாம் வாசம் அடிக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறேன், உனக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. "தேதி போட்டு எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு கோகி. மலையிலிருந்து இறங்கி சிக்னல் கிடைக்கறப்ப உட்கார்ந்து படிக்கிறேன்" என்று நீதான் சொன்னாய். சுரங்கப்பாதை வேலையில் உனக்கு எப்போது சிக்னல் கிடைக்கும் என்பது அந்த மலைக்கே வெளிச்சம். எழுதிவைக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. எங்கள் படித்துறைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சுவர் பார்த்திருப்பாய். மேலே ரோடு, கீழே பால்வாடி வாசல், ரோட்டு மண் சரியாமல் தாங்குகிற தடுப்புச்சுவர். அதில் தோணித்துறை உண்டான கதையைச் சித்திரமாக வரைகிறார்கள். பேரூராட்சித் தலைவர் ஏற்பாடு. ஆடிப்பெருக்கு அன்று திறப்பு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இரண்டு வரி எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு மூன்று வருஷமாகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவளை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

கதை இதுதான். பஞ்சம் பிழைக்க மாடுகளோடு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்த காளை ஆற்றங்கரையில் படுத்தது. அடித்தும் எழவில்லை, கெஞ்சியும் எழவில்லை. சரி, இங்கேயே அடுப்பைப் பற்றவையுங்கள் என்றார்கள். அந்த அடுப்புதான் ஊர். இன்றைக்கு அந்தக் காளை வெள்ளையா சாம்பல் மயிலையா என்று படித்துறையில் ஒரு மணி நேரச் சண்டை.

சண்டைக்கு நடுவில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்வாடி ஜன்னலுக்கு எதிரே, மேலிருந்து குறுக்காக ஒரு விரிசல் இறங்குகிறது. அதன் அடியில்தான் பிள்ளைகள் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது மகி அப்பாவிடம் சொன்னேன். "அது பூச்சு வெடிப்பு. வெயில்ல எல்லாச் செவுத்துக்கும் வரும்" என்றார். ரசத்துக்குச் சோறு போடுவதற்குள் கையைக் கழுவிவிட்டார். பசியில்லையாம்.

ஜூலை 2, செவ்வாய்

மகிக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும். துணி காயவில்லை. எழுதிக் கொடுத்த வரியில் 'கூட்டம்' என்று இருந்ததை 'பெருங்குடியினர்' என்று மாற்றிவிட்டார்கள்.

ஜூலை 4, வியாழன்

வரைய வந்திருப்பவர் பன்னீர், சேலத்துக்காரர். சாரத்தில் நின்றபடியே ஊர்க்கதை எல்லாம் பேசுவார். இன்று சுவரில் வரிசையாக இருந்த குழாய் ஓட்டைகளை எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தார். ஏன் என்று கேட்டேன். தண்ணீர் கசிந்து பெயின்ட் உப்பிப்போகிறதாம், ஓர் ஓட்டை சரியாகக் காளையின் கண்ணில் வருகிறதாம். "காளை அழுவற மாதிரி இருக்குதுங்க மேடம். திறப்பு விழாவுல அழுவலாமுங்களா?"

விரிசலைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். 

ஜூலை 6, சனி

விரிசல் இப்போது ஓர் ஆறு.

நிஜமாகத்தான் சொல்கிறேன். விரிசலின் இரண்டு பக்கமும் நீலம் தீட்டி, வெள்ளையில் சுழி போட்டு, கரையில் நாணல் வைத்து, அதன் ஓரத்தில் காளையைப் படுக்கவைத்துவிட்டார் பன்னீர். "செவுரே ஆறு வரைஞ்சு குடுத்திருச்சு. நான் கலரு மட்டும் குடுத்தேன்" என்று சிரிக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆறு தத்ரூபம் என்கிறார்கள். இருக்காதா பின்னே, ஆழம் உண்மையிலேயே இருக்கிறதே.

தலைவர் வந்திருந்தார். அவர் வந்தது, காளையின் கயிற்றை யார் பிடித்திருக்க வேண்டும் என்று இரண்டு தெருக்காரர்கள் முட்டிக்கொண்டதைத் தீர்த்துவைக்க. கயிறே வேண்டாம், காளை தானாக வந்தது என்று தீர்ப்பு. அந்தச் சமயம் பார்த்து நான் போய், சுவர் வெடித்திருக்கிறது, அடியில் பிள்ளைகள் உட்காருகிறார்கள், ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மிணிக்கு மொதப் புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"அதான். ரெண்டாவது பொறந்தா எல்லாஞ் சரியாப் போயிரும்."

நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பன்னீர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தார். எம்.ஏ. படித்தவள் என்று வரி எழுதக் கூப்பிட்டவர்கள்தான் எல்லாரும். வரும் வழியில் தயிர் பாக்கெட் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

ஒரு ஆச்சரியம். காலையில் மகிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். மகி அப்பா வண்டிச் சாவியோடு வந்து நின்று, "இவளைப் பால்வாடிக்கு அனுப்பாத. இருமல் நிக்கட்டும்" என்றார். இருமல் அநேகமாக நின்றுவிட்டது என்றேன். "நிக்கட்டும்னு சொல்றேன்ல" என்றார். அதோடு, படத்துக்கு வரி எழுத நான் சுவரடியில் போய் உட்கார வேண்டாம், வீட்டிலேயே எழுதிக் கொடுத்தனுப்பு என்றார். வெயில் ஒத்துக்காதாம்.

மகிக்கு எந்தக் கையில் தடுப்பூசி போட்டார்கள் என்றுகூடத் தெரியாத மனுஷன். இவ்வளவு அக்கறை எப்போது வந்தது என்று மனசு இளகிவிட்டது. மதியம் அவருக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப் பருப்பு கடைந்தேன்.

நான் சுவரைப் பற்றி ரொம்பப் புலம்புகிறேன் என்று நீ நினைப்பாய். அந்தச் சுவர் எழும்பியது எங்கள் கல்யாணமான புதுசில். கான்ட்ராக்டரிடம் இவர்தான் அங்கே சூப்பர்வைசர். தூக்குப்போசியில் சாப்பாடு எடுத்துப்போவேன். ஒதியமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார். அதனால் எனக்கு அந்தச் சுவர் மேல் ஒரு பாசம் உண்டு, விரோதம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

உன் மெசேஜ் வந்தது. மூன்றே வரி, ஆனால் பதிலாவது வந்ததே. 'விரிசலுக்குக் குறுக்கே எதையாவது ஒட்டி வை. கிழிந்தால் சுவர் நகருகிறது. பக்கவாட்டில் நின்று பார், வயிறு தள்ளியிருக்கிறதா? தண்ணீர் வடியும் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா?'

கடைசி வரியைப் படித்தபோது கையில் இருந்த கரண்டியை அடுப்பிலேயே வைத்துவிட்டேன். ஓட்டைகளைத்தான் பன்னீர் அடைத்துவிட்டாரே.

மகி அப்பாவிடம் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "எல்லாத்தையுமா அடைச்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அவர் சொன்னதை மீறித்தான் சுவரடிக்குப் போனேன். பழைய காலண்டர் தாளைக் கோந்து போட்டு ஒட்டினேன். நான் படியேறுவதற்குள் பன்னீர் பிய்த்து எறிந்துவிட்டார். ஆற்றில் காகிதம் மிதக்கிறதாம். யாருக்கும் தெரியாத மாதிரி எதை ஒட்டுவது என்று யோசித்தபோது நெற்றி அரித்தது. கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. மெரூன், பெரிய சைஸ். விரிசலின் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று, அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன். சித்திரத்தில் ஆற்றில் பூ மிதப்பது போல இருந்தது. பன்னீருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

பக்கவாட்டில் நின்றும் பார்த்தேன் அண்ணா. வயிறு தள்ளியிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

நடுப் பொட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. மேல் பொட்டு ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது. கீழ்ப் பொட்டு மட்டும் அப்படியே.

பால்வாடி மரகதம் டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் மூட முடியாது, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தால் வெக்கையில் வாந்தி எடுக்கிறார்கள் என்றார். மகியின் கூட்டாளி வர்ஷிகா சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். மகி எங்கே என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறாள், இவள் இங்கே இருக்கிறாள்.

நாங்கள் பொட்டைக் காட்டிக் காட்டிப் பேசியதைத் துணி துவைக்க வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி ஒன்று. எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

சுவரில் பொட்டு முளைத்துவிட்டது. நான் ஒட்டியது மூன்று. இன்று காலை போய்ப் பார்த்தால் விரிசல் நெடுக, மேலிருந்து கீழ்வரை, பச்சை, சிவப்பு, கல் வைத்தது, பாம்பு மாதிரி நெளிந்தது, எத்தனை விதம் உண்டோ அத்தனையும். மஞ்சளைக் குழைத்து விரிசலுக்குள்ளேயே பூசியிருக்கிறார்கள். அடியில் வேப்பிலை, எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கரி. சித்திரத்து ஆற்றில் ஆத்தா இறங்கியிருக்கிறாளாம். நடுப் பொட்டை இரண்டாக்கி உத்தரவு கொடுத்திருக்கிறாளாம்.

என் மாமியார் அங்கிருந்துதான் வந்தார். வந்ததும் என் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். நான் சொல்லிவிட்டேன். அத்தை, அது நான் ஒட்டினது, சுவர் நகருகிறதா என்று பார்க்க ஒட்டினது என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ ஒட்டல கண்ணு. உன்ற கையில ஒட்ட வெச்சா."

  இனிமேல் விரிசல் எவ்வளவு அகலம் என்று பார்க்கவும் முடியாது. மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது. பன்னீருக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றுச் சுழிக்கு நடுவில் மூக்குத்தி போட்ட ஒரு முகம் வரைந்துகொண்டிருக்கிறார். ஊர் உண்டான கதையில் அப்படி ஒரு முகமே கிடையாது என்றேன். "இப்ப உண்டாயிருச்சுங்களே மேடம்" என்றார்.

ஜூலை 22, திங்கள்

பேரூராட்சி ஆபீசுக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மகியை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்து காத்திருந்து இடுப்பே மரத்துவிட்டது. அவள் மனுவின் ஓரத்தைச் சப்பிவிட்டாள். தலைவர் முழுக்கப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனியிலேயே வந்திருந்தால் இடித்துக் கட்டியிருக்கலாம், இப்போது அந்தச் சுவரில் ஒரு ஆணி அடித்தால்கூட ஊர் இரண்டாகிவிடும், ஆடி பதினெட்டு முடியட்டும் என்றார். ஆனியில்தானே வந்தேன் என்றேன். அப்படியா என்றார்.

நான் வீட்டுக்கு வருமுன் சேதி வந்துவிட்டது. மகி அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஊரைப் பகைக்காதே என்றார். கான்ட்ராக்டர் போன் பண்ணி, உன் பெண்டாட்டிக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தச் செவுத்துல என்ற பேரு எங்கயும் இல்ல. நான் எதுலயும் கையெழுத்துப் போடல" என்றார்.

நான் அவர் பேரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உப்புமாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இருவரும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டோம்.

ஜூலை 25, வியாழன்

இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். படித்த படிப்புக்கு வெட்கப்பட வேண்டிய காரியம், ஆனாலும் செய்தேன்.

சுவரடியில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மெதுவாக ஆரம்பித்தேன். ஆத்தா குடியிருக்கிற இடம், பிள்ளைகள் செருப்புக்காலோடு நடக்கிறார்கள், எச்சில் தட்டு வைக்கிறார்கள், அவசரத்துக்கு அங்கேயே ஒண்ணுக்குப் போய்விடுகிறார்கள், நல்லதா இது என்றேன். கோலமாவுக் கைகள் அப்படியே நின்றன. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் பால்வாடி சமுதாயக்கூடத்துக்குப் போய்விட்டது. உத்தரவு இல்லாமல் முடியாது என்ற அதே மரகதம் டீச்சர், பாயைச் சுருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். தலைவரே டெம்போ அனுப்பினார். வர்ஷிகா டெம்போவில் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள்.

விரிசல், விரிசல் என்று வாய் வலிக்கக் கத்தினேன், ஒரு காதிலும் ஏறவில்லை. தீட்டு என்று ஒரு வார்த்தை, அரை நாளில் ஊரே நகர்ந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வந்து பாத்திரம் கழுவினேன். ஆனால் நிம்மதி அண்ணா, பல நாளைக்கு அப்புறம் நிம்மதி.

ஜூலை 27, சனி

நிம்மதி ஒரு நாள்தான். பிள்ளைகள் போனதும் அந்த வாசலைச் சாணி போட்டு மெழுகிவிட்டார்கள். ஆடிப்பெருக்கு அன்று அங்கேதான் விளக்கு பூஜையாம். படித்துறையில் வழக்கமாக நடப்பது இந்த வருஷம் சுவரடியில். புதுசாகக் கல்யாணமானவர்கள் அங்கேதான் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்களாம். பிள்ளைகள் இருந்த இடத்தில் இனி ஊர்ப் பெண்கள் எல்லாரும், மடியில் பிள்ளைகளோடு. நான் காலி பண்ணிக் கொடுத்த இடம்.

அத்தை முதல் வரிசையில் இடம் பிடித்துவைத்திருக்கிறார். மகிக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாயிற்று.

ஜூலை 30, செவ்வாய்

அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கீழ்ப்படிகள் முழுகிவிட்டன. நேற்று முழுக்க மழை. சித்திரம் வியர்த்த மாதிரி இருக்கிறது.

இன்று காலை மகி அப்பா தன் அம்மாவிடம் சத்தம் போட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்து கேட்டதில்லை. பூஜை பண்ணணும்னா ஆற்றில் பண்ணுங்கள், சுவரடிக்குப் போகாதீர்கள், மகியைக் கொண்டுபோகவே கூடாது என்றார். ஏன்டா சாமி என்று அத்தை கேட்டார். மகி அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் பால் வாங்கப் போனவள் கூட்டத்தைப் பார்த்துப் படித்துறைக்குப் போனேன். மகி அப்பா சுவரடியில் நின்றிருந்தார். கையில் கடப்பாரை. சட்டையெல்லாம் சேறு. படுத்திருக்கிற காளையின் கண்ணில் இருந்த சிமென்டைக் குத்தி எடுத்திருக்கிறார். பக்கத்தில் இன்னும் ஓர் ஓட்டை. இரண்டிலிருந்தும் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. மூன்றாவதைத் திறப்பதற்குள் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆத்தா கண்ணைக் குத்த வந்தாயா என்று ஒருத்தி. குடிச்சிருக்கியா என்று ஒருத்தி. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை, தண்ணீர் உள்ளே நின்றால் சுவர் தாங்காது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டார்.

அதற்குள் யாரோ அந்தத் தண்ணீரைச் சொம்பில் பிடித்தார்கள். ஊற்று வந்துவிட்டது என்றார்கள். இப்போது அங்கே குடத்தோடு வரிசை நிற்கிறது. கடப்பாரைக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள். இவரைத் திட்டிய அதே பெண், உன்ற மவன் கையால ஆத்தா ஊத்து திறந்தா என்று அத்தையைக் கட்டிக்கொண்டாளாம். 

சாயந்தரம் அவர் குளித்துவிட்டு வந்து, மகியை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். 

"ரெண்டு ஓட்டை பத்தாது கோகி."

"அப்பப் போய்ச் சொல்லுங்க."

"நான் சொன்னா, கட்டுனப்ப எங்க இருந்தேன்னு கேப்பாங்க." மகியை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டார். "உங்கண்ணன் வெளியாளு. பெரிய இன்ஜினியர். அவர் பார்த்துட்டு நிக்காதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் அதைப் பிடிச்சுகிட்டு முன்னால நின்னு சொல்றேன். கேக்கறதைக் கேக்கட்டும்."

இந்த மனுஷன் சொன்னால் செய்வார் என்று நினைக்கிறேன்.  மகி அவர் கையைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சுவரின் படங்களை இதோடு அனுப்புகிறேன். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்ணீர் வருகிற இடம் ஒன்று. என் நெற்றியில் இருந்ததை எடுத்து, மஞ்சள் இல்லாத ஓரிடத்தில் மத்தியானம் ஒட்டினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதுவும் கிழிந்திருந்தது. அந்தப் படமும் இருக்கிறது.

மகியை எதற்காகப் பால்வாடிக்கு அனுப்ப வேண்டாம் என்றார், அது அவருக்கு எப்போதிருந்து தெரியும், சுவருக்குள் என்ன கம்பி போட்டார்கள், எதையும் நான் அவரிடம் கேட்கவில்லை. நீயும் இப்போது கேட்காதே அண்ணா. பிறகு உட்கார்ந்து கேட்கலாம், நீ தேடிக் கொடுத்த மாப்பிள்ளைதானே.

சனிக்கிழமை காலை பூஜை. பத்து நாளாக அனுப்பியது எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது, உனக்கு வந்து சேரவில்லை. படத்தைப் பார்த்ததும் சுவர் நிற்குமா நிற்காதா, அதை மட்டும் உன் பேர் போட்டு எழுதி அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.